கம்ப்யூட்டர் சாம்பிராணி

எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொன்னால் லேபில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்னமும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிற கதைதான். ஆனால் அந்த ஐந்து வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். கீரனூரிலிருந்து தினமும் பஸ். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்ததும் வாசலில் நிற்பார்கள் என்பதால் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அதற்குப் பதிலாக மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். மாமியார் தவறி ஆறு வருடம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அவர் போய்ப் பதினாலு வருடம்.

கம்ப்யூட்டர் மகளுடையது. டிசைன் படிக்கப் போகிறேன், அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். வாங்கியபின் அதில் அவள் டிசைன் செய்ததைவிட கேம் விளையாடியதுதான் அதிகம். ஹாஸ்டலுக்குப் போகும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, இதை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஹாலில் ஜன்னலோரம் மேஜைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. மாமா அதைப் 'பொட்டி' என்பார்.

அந்தப் பொட்டியில்தான் நாங்கள் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லாரி ஓட்டினோம்.

மகள் செய்த ஏற்பாடு அது. ஒரு லாரி கேம், அதற்கென்று மேஜையில் மாட்டிய ஒரு ஸ்டியரிங். ஏதோ ஒரு வெளிநாட்டில் மலையும் காடுமாக ரோடு போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே ரோட்டில் ஓட்டலாம். ஓட்டிக்கொண்டே பேசலாம். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. அவருடைய ரூமில் நாலு பேர். அதில் ஒரு கேரளத்துத் தம்பியிடம் நல்ல லேப்டாப் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் மற்ற மூன்று பேரும் வெளியே போய்விடுவார்கள், லேப்டாப்பை இவரிடம் கொடுத்துவிட்டு. அங்கே மூன்றரை மணி, இங்கே ஆறு மணி. வாரத்தில் அவருக்கு ஒரு அறை தனியாகக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பீர்கள். பேசினோம், பதினாலு வருடம் பேசினோம். "சாப்பிட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "அப்பா?" "நல்லாருக்காங்க. நீங்க ஒண்ணும் யோசிக்காம இருங்க, இங்க எல்லாம் நான் பாத்துக்கிறேன்." முடிந்தது. வீடியோவில் வந்தால் இன்னும் மோசம். இரண்டு பேரும் போட்டோ எடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு இருப்போம். அவர் அப்படித்தான். முகத்தைப் பார்த்து முக்கியமான விஷயம் பேச வராது. கல்யாணம் ஆன புதிதில் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குளத்தூர் ரோட்டில் போகும்போதுதான் மனசில் இருப்பதெல்லாம் வரும். வெளிநாடு போகப்போகிறேன் என்று சொன்னதுகூட நார்த்தாமலை தாண்டும்போது, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான். அந்த மனுஷனுக்கு வாய் திறக்க வேண்டுமானால் சக்கரம் சுற்ற வேண்டும்.

அதனால்தான் அந்த கேம் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. லாரி ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வாரமே அவர், தன் கால் வீங்குவதையும், சூப்பர்வைசரோடு சண்டை போட்டதையும், ஒரு தடவை அம்மா நினைப்பு வந்து குடோனில் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் நின்று அழுததையும் சொன்னார். பதினாலு வருடத்தில் கேட்காத கதை. கியர் மாற்றிக்கொண்டே கேட்டேன்.

நான் முன்னால் போவேன், அவர் பின்னால் வருவார். எனக்கு வேகம் போதாது என்பதால் அடிக்கடி என்னை முந்தப் பார்ப்பார். எதிரில் வண்டி வருகிறதா என்று எனக்குத்தான் தெரியும். "வரவா?" என்பார். காலியாக இருந்தால் "வாங்க" என்பேன். எதிரே ஏதாவது வந்தால் "இருங்க". ஒரு வெள்ளிக்கிழமைக்கு இந்த இரண்டு சொல்லையும் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருப்பார். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நான் ஹெட்போன் மாட்டியிருப்பதால் மகன் பேசுவது அவருக்குக் கேட்காது, நான் பேசுவது மட்டும்தான் கேட்கும். அது போதும் அவருக்கு. "கியரக் குறை ஆத்தா. வளைவு வருதுல்ல? இப்புடி ஓட்டுனா டெப்போவுலயே எறக்கி விட்டுருவாய்ங்க" என்று ஓயாமல் தொணதொணப்பார். ஒருநாள் திரும்பிப் பார்த்து, "மாமா, லைசென்ஸ் இல்லாத கேம் இது. என்னைய ஓட்ட விடுறீங்களா?" என்று கத்திவிட்டேன். அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவரால் அவ்வளவுதான் முடியும்.

பங்குனி பிறந்த வெயிலில் கோளாறு ஆரம்பித்தது. ஆரம்பத்தில் நன்றாக ஓடும். பத்து நிமிடம் கழித்து லாரி விக்கல் எடுத்த மாதிரி நின்று நின்று போகும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு நொடி கழித்துத்தான் வண்டி திரும்பும். அதற்குள் வயலில் கிடப்பேன். பொட்டிக்குள் ஃபேன் மாவு மில் மாதிரி சத்தம் போடும்.

நான் முதலில் இன்டர்நெட்டைத்தான் திட்டினேன். கேபிள்காரருக்குப் போன் போட்டதும், அவர் வந்து வயரை மாற்றிவிட்டுப் போனார். ஒரு மாற்றமும் இல்லை. மகளைக் கேட்டேன். "கிராபிக்ஸ் செட்டிங்க்ஸ லோ-ல வையிம்மா" என்றாள். வைத்தேன். மரத்துக்கெல்லாம் இலை உதிர்ந்து, ரோடு அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி ஆனது. ஆனாலும் பத்தாவது நிமிடம் விக்கல் வந்தது. இங்கேயே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். வரும்போது நன்றாக இருந்து, நேரம் போகப் போகக் கெடுகிறது என்றால் அது காய்ச்சல். லேபில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரிய வேண்டாமா? தெரியவில்லை.

அடுத்த வெள்ளி. ஆற்றோரமாக ஒரு நீளமான ரோடு. அவர் அன்றைக்கு என்னவோ அதிகம் பேசவில்லை. முந்தவும் இல்லை. பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். திடீரென்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"நான் வந்து..."

பொட்டி அணைந்தது. திரை கறுத்துவிட்டது. ஹாலில் லைட் எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, இது மட்டும் செத்துக் கிடக்கிறது.

உடனே போன் போட்டேன். "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன். சாப்பிட்டியா?"

போச்சா! மறுபடியும் சாப்பிட்டியா. ஆறரை மணிக்கு யாராவது சாப்பிடுவார்களா? எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அந்தச் சொல்லைப் புரட்டிக்கொண்டு கிடந்தேன். 'வந்து' என்பது நம்மிடம் ஒரு சொல்லே இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற சத்தம். நான் வந்து, அது வந்து, என்னன்னா வந்து. அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். உடம்புக்கு ஏதாவதா? கால் வீக்கம் என்றாரே, ரத்தம் எடுத்துப் பார்த்தாரா? வேலை போய்விட்டதா? நான் வந்து... என்ன? லேபில் அடுத்தவர் ரிப்போர்ட்டெல்லாம் என் கையில் முதலில் வரும். என் வீட்டு ரிப்போர்ட் மட்டும் பாதியில் நிற்கிறது. பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே பொட்டியைச் சரிசெய்ய வேண்டும் என்பது எனக்குக் கேம் விளையாடுகிற ஆசையில் வந்ததில்லை. அடுத்த வெள்ளிக்குள் அது ஓடியாக வேண்டும். அவர் வாக்கியத்தை முடித்தாக வேண்டும்.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்பட்டுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில், "புருசனும் பொண்டாட்டியும் லாரி ஓட்டுறாகளாம்ல" என்று ஒரு வாரமாகவே பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சாம்பிராணி போடுவது என் வழக்கம். கரியெல்லாம் மூட்டுவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? கடையில் அட்டைப் பெட்டியில் வருகிற சாம்பிராணி வில்லைதான். ஓரத்தில் தீக்குச்சியை வைத்தால் தானே புகையும். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, கொசுவுக்கும் ஆகும் என்று மேஜைக்கு அடியில், பொட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு லாரி ஓட்ட உட்காருவேன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. புகை மேலே போகாது. அப்படியே வளைந்து பொட்டியின் முன்பக்கச் சல்லடைக்குள் போகும். பின்னால் மெலிசாக வெளியே வரும்.

"பாருத்தா, பொட்டி சாம்பிராணி இழுக்குது. குடுத்து வச்ச பொட்டி" என்று மாமா சொல்லுவார். எனக்கும் அது பிடித்திருந்தது. இரும்பானாலும் நம் வீட்டு இரும்பு, நம் வழக்கத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கண்பட்டதற்குப் பரிகாரமாக அந்த வாரத்திலிருந்து ஒன்றுக்கு இரண்டு வில்லையாக வைத்தேன்.

மாமாவுக்கு வேறு யோசனை. செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வருகிறேன், பொட்டியின் தலையில் ஈரத்துண்டு போர்த்தியிருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"ஐயோ மாமா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கொதிக்குதுத்தா. தொட்டுப் பாரு. பஸ்ஸு கொதிச்சா ரேடியேட்டர்ல ஈரச் சாக்கப் போடமாட்டமா? அதான்."

"இது பஸ்ஸா? உள்ளாற கரண்டு ஓடுது மாமா! பொட்டியோட சேந்து வீடும் போயிருக்கும்!"

துண்டைப் பிடுங்கி வீசினேன். நல்ல வேளை, அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போர்த்தியிருந்தார். முகம் தொங்கிப் போய்விட்டது அவருக்கு. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அடங்கவில்லை. கோபத்தோடேயே மேல்தகட்டைத் தொட்டேன். மத்தியானம் அதில் அவர் சீட்டாட்டம் ஆடியிருக்கிறார், கம்ப்யூட்டரோடு. அணைத்துக் கால் மணி நேரம் ஆகியும் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. சீட்டாட்டத்துக்கே இந்தச் சூடா?

மகளைக் கூப்பிட்டேன். சூடு அளக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது என்று அனுப்பினாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவளுக்கும் இரண்டு திட்டு விழுந்தது. போட்டுப் பார்த்தால், சும்மா இருக்கும்போதே எழுபது டிகிரி. லாரியைக் கிளப்பியதும் எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. அந்த இடத்தில் விக்கல் தொடங்கியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. அப்படியும் முடியாவிட்டால் தானே அணைந்துகொள்கிறது. மாமா சொன்னது சரி, கொதிக்கத்தான் கொதிக்கிறது. வைத்தியம்தான் தப்பு.

பக்கக் கண்ணாடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக உள்ளே அடிக்க விட்டேன். வெள்ளிக்கிழமை வந்தது. குளித்து, விளக்கேற்றி, இரண்டு வில்லை சாம்பிராணியும் வைத்து உட்கார்ந்தேன். டேபிள் ஃபேன் காற்றில் புகை முழுக்கப் பொட்டிக்குள்ளேயே சுழன்றது. இருபத்தைந்து நிமிடம் ஓடியது. எனக்கு நம்பிக்கை வந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். "அன்னைக்கு என்னமோ சொல்லணும்னீங்களே?"

ஹெட்போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. "அதான்... நான் வந்து..."

கறுத்தது.

இந்தத் தடவை அழுதேன். பொட்டியைக் காலால் ஒரு எத்து எத்தினேன். விரல் வீங்கியதுதான் மிச்சம். மாமா போய்ச் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டிருந்தார். குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஆட்டோவில் பொட்டியை மடியில் வைத்துக்கொள்ள, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் மேலாக்க ப்ளோயரால் ஊதினார். கொஞ்சம் தூசி பறந்தது. "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுக்கா, புதுசு போட்டுருங்க" என்றார். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அனுபவந்தான்" என்றார். ரத்தம் எடுக்காமலே சர்க்கரை இருக்கிறது என்று சொல்கிற ஆளிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. பொட்டியைத் திரும்ப மாமாவின் மடியில் ஏற்றினேன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக, லேபில் செய்கிற மாதிரி செய்தேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, எழுதி வை. கார்டின் சூடு தனியாக எழுபத்தைந்துக்கு மேல் போகவில்லை. அப்படியானால் கார்டு போகவில்லை. கொதிப்பது பிராசஸர். புதன்கிழமை சாயங்காலம் தனியாக லாரியை ஓட விட்டுவிட்டு, பொட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வெளியே வருகிற காற்றில் கையை வைத்துக் கவனித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு தாண்டியது. அப்போது ஒரு வாசம் வந்தது.

சாம்பிராணி வாசம்.

"மாமா, சாம்பிராணி போட்டீங்களா?"

"புதன்கெழம யாருத்தா சாம்பிராணி போடுறது?"

முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை. பொட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. அணைத்து, ஆறவிட்டு, பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனை ஸ்க்ரூ கழற்றித் தூக்கினேன். அதற்கு அடியில் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்க வேண்டும், அந்த இடுக்குகளில் காற்றுப் போய்ச் சூட்டை எடுத்து வர வேண்டும். இடுக்கே இல்லை. பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று மூடியிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. சும்மா தூசியென்றால் கடைக்காரரின் ப்ளோயருக்கே பறந்திருக்கும். இது பிசின் போட்டு ஒட்டிய தூசி. இதே பிசுக்கை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தலையைத் தூக்கினால், எதிரே சாமி படத்துக் கண்ணாடி. மாசத்துக்கு ஒருமுறை நான் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கிற அதே பழுப்பு.

எழுந்து போய்ச் சாம்பிராணி அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தேன், முகர்ந்து பார்த்து உறுதிசெய்ய. நானும் எத்தனையோ வருடமாக அதை வாங்குகிறேன். மளிகைக் கடையில் அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன். அன்றைக்குத்தான் பெட்டியின் மேல் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கம்ப்யூட்டர் சாம்பிராணி.

கரி மூட்டாமல் எரிகிற புதுமாதிரிச் சாம்பிராணிக்கு, புதுமாதிரி என்று காட்ட யாரோ எந்தக் காலத்திலோ வைத்த பெயர். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறோம். இந்த உலகத்திலேயே அதைக் கம்ப்யூட்டருக்குப் போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் நோய் முற்ற முற்ற டோஸை இரண்டு மடங்காக்கி! எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மாமா ஓடி வந்து பார்த்தார். பெட்டியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "பேரப் பாத்தா அதுக்குன்னே செஞ்ச மாதிரிதான இருக்கு" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போங்கள்.

வியாழக்கிழமை திருச்சியிலேயே, பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவுகிற பசையும், ஒரு பாட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிசினுக்குத் தண்ணீர் சரிப்படாது, ஆல்கஹாலுக்குத்தான் கரையும். அது எனக்குத் தொழில். மகள் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தகட்டைக் கழற்றினேன். அடியில் பழைய பசை காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்து கிடந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து, ஒவ்வொரு இடுக்காக எடுத்தேன். ஒரு பாக்கெட் குச்சி காலி. மாமா தட்டில் ஸ்க்ரூக்களை வரிசையாக அடுக்கி, காவலுக்கு உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு சதவீதம் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார். எல்லாம் மாட்டி முடித்தபின் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

"இது எங்கிட்டுத்தா போவும்?"

"தெரியல மாமா."

"பஸ்ஸுலயும் இப்புடித்தான். ஒண்ணு மிஞ்சலன்னாத்தான் பயம்" என்று சொல்லி அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்விட்சைப் போட்டேன். நாற்பத்தொன்று டிகிரி. லாரியைக் கிளப்பி அரை மணி நேரம் ஓட்டினேன். அறுபத்தேழுக்கு மேல் ஏறவில்லை. செட்டிங்க்ஸை மறுபடி ஏற்றினேன். மரத்துக்கெல்லாம் இலை வந்தது.

மறுநாள் வெள்ளி. தலைக்குக் குளித்தேன், விளக்கேற்றினேன், சாம்பிராணியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். மாமா வழக்கம்போல் பின்னால் நாற்காலியில், டேபிள் ஃபேன் இப்போது அவர் பக்கம். பொட்டி சத்தமே இல்லை. லாரி வழுக்கிக்கொண்டு போனது. வீட்டுக்காரரிடம் சாம்பிராணிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய லாரி ஒரு கம்பத்தில் போய் இடித்தது. அப்படி அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. மலை இறங்கி, இரண்டு பக்கமும் மரங்கள் வைத்த ஒற்றை ரோட்டுக்கு வந்தோம். எதிரே வண்டிகள் தொடர்ச்சியாக வந்துகொண்டிருந்தன. அவர் எனக்குப் பின்னாலேயே ஒட்டி வந்தார்.

"நான் வந்து..." என்றார்.

நான் சூட்டைப் பார்த்தேன். அறுபத்தாறு. "ம்" என்றேன்.

"வந்துரவா?"

எதிரே வெள்ளையாக ஒரு பஸ். "இருங்க, இருங்க!" என்றேன் அவசரமாக.

பஸ் என்னைத் தாண்டிப் போனது. அப்புறம் அவர் ரொம்ப மெதுவாக, "சரி. அப்ப இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்" என்றார்.

"ஒரு பஸ்ஸு போறதுக்கு எதுக்குங்க ரெண்டு வருஷம்?"

"நான் வண்டியக் கேக்கல."

என் கை ஸ்டியரிங்கில் இருந்தபடியே இருந்தது. ரோடு போய்க்கொண்டிருந்தது. அவரே பேசினார். "இந்த மாசம் முடியிறதுக்குள்ள கான்ட்ராக்டுல கையெழுத்துப் போடணும். ரெண்டு வருஷத்துக்கு. போடாம வந்துரலாமான்னு... ஒனக்கு அங்கிட்டு எல்லாம் பழகிப்போச்சு. நான் வந்தா எடைஞ்சலா இருக்குமோன்னு யோசன. எப்பக் கேட்டாலும் நீ இருங்கன்னுதான சொல்லுவ."

அந்த 'வந்து' யோசிக்கிற சத்தமே இல்லை. விஷயமே அதுதான். நான்தான் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பதினாலு வருடமாக, கவலைப்படாமல் இருங்க, நான் பார்த்துக்கிறேன், நீங்க இருங்க என்று தைரியம் சொல்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறேன். அவர் அங்கே உட்கார்ந்து அதை அப்படியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறந்தால் அழுகை வரும் போல இருந்தது. அழுதால் அவர் மறுபடி சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவார்.

"வாங்க" என்றேன்.

சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன். "வாங்கங்கிறேன்ல!"

மாமா நாற்காலியிலிருந்து எக்கி என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "ஏத்தா, எதுத்தாப்புல இம்புட்டுப் பெரிய லாரி வருது. அவனப் போயி வரச் சொல்ற?"

"ரோட்டுல இல்ல மாமா" என்றேன். "வீட்டுக்கு. ஒங்க மகன் வீட்டுக்கு வாராங்க."

மாமா எப்போது என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. குனிந்து, தன் பக்கம் காற்று வந்துகொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பொட்டியின் பக்கம் திருப்பி வைத்தார். "அணைஞ்சிறாமப் பாத்துக்கத்தா" என்றார்.